சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் சைட் மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ஒவ்வொரு முறை சுடும் முன்பும் சுத்தியை, அதாவது ஹாமரை, கையால் பின்னுக்கு ஏற்ற வேண்டியது) என்றதும் 1873-ல் வந்த கோல்ட்டின் வடிவம்தான் நினைவுக்கு வரும். அதில் ரியர் சைட், அதாவது குறிபார்க்கும் பின் உறுப்பு, என்று தனியாக எதுவும் கிடையாது. சட்டத்தின் மேல்பட்டையில் நீளவாக்கில் வெட்டிய ஒரு பள்ளமே ரியர் சைட், குழல் நுனியில் நிற்கும் மெல்லிய தகடு ஃப்ரண்ட் சைட். குண்டு கீழே விழுந்தால் தகட்டை அராவ வேண்டும், மேலே விழுந்தால் உயரமான தகடு வைக்க வேண்டும். பக்கவாட்டில் விழுந்தால் தகட்டை வளைக்க வேண்டும், இல்லையென்றால் குழலைச் சற்றுத் திருக வேண்டும். 1955-ல் வந்த ரூகர் பிளாக்ஹாக் இந்த வடிவத்துக்குத் திருகால் நகர்த்தும் ரியர் சைட்டைக் கொடுத்தது. இலக்குச் சுடுதலுக்கு இன்று பலரும் வைத்திருப்பது இந்த இரண்டாம் வகைதான்.

இங்கே பேசப்படும் ரிவால்வரும் இரண்டாம் வகை. .357 மேக்னம் அறை, 6.5 அங்குலக் குழல், ஆறு அறை சிலிண்டர். ஃப்ரண்ட் சைட் பிளேடு, குழல் மேலுள்ள ரேம்ப் என்ற சரிவு மேடையின் பள்ளத்தில் உட்கார்ந்து ஒரு குறுக்கு ஆணியால் பூட்டப்பட்டிருந்தது. பின்பக்கம் சரிவான பிளேடு, நடுவில் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு. ரியர் சைட்டின் வெட்டை, அதாவது ஃப்ரண்ட் சைட்டைப் பார்க்கும் பள்ளத்தை, சுற்றி வெள்ளைக் கோடு.

உரிமையாளர் ஐம்பதைக் கடந்தவர், உரிமம் பெற்ற சுடுதளத்தில் வாரம் ஒருமுறை 25 மீட்டரில் சுடுபவர். அவருடைய குறை இரண்டு. முதலாவது, ரியர் சைட்டை அடிமட்டம் வரை இறக்கியும் குண்டுகள் மையத்துக்கு மேலேயே விழுந்தன. இரண்டாவது, ஃப்ரண்ட் சைட் கண்ணுக்குத் துலங்கவில்லை. கறுப்புப் பிளேடும் அகலமான வெட்டும் போட்டுத் தரச் சொல்லிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

சோதனையில் தெரிந்தவை

தோட்டா போடும் கதவான லோடிங் கேட்டைத் திறந்து ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, சிலிண்டரின் அச்சான பேஸ் பின்னை இழுத்து, சிலிண்டரைக் கழற்றித் தனியே வைத்த பிறகே மற்ற வேலை. சைட் வேலையில் குழலின் நுனி எந்நேரமும் முகத்துக்கு முன்னால்தான் இருக்கும். அதனால் சிலிண்டர் மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

ரியர் சைட்டின் வால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தியதும் ஒரு பெரிய குறை வெளிப்பட்டது. வெட்டு உள்ள தகடான இலை கீழே போனது, விரலை எடுத்ததும் முழுதாக மேலே திரும்பவில்லை. நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.3 மி.மீ. வரை ஆட்டம். இலைக்கு அடியிலுள்ள இரண்டு சிறு சுருள் வில்களும் தளர்ந்துபோயிருந்தன. இந்த நிலையில் எடுக்கும் எந்த அளவும் நம்பத்தக்கதல்ல. ரிவால்வரின் சைட் தூரம், அதாவது ரியர் இலைக்கும் ஃப்ரண்ட் பிளேடுக்கும் இடைவெளி, 210 மி.மீ. அதில் 0.1 மி.மீ. உயர வித்தியாசம் 25 மீட்டரில் சுமார் 12 மி.மீ. ஆகிறது. ஆட்டம் 0.3 என்றால் இலக்கில் 36 மி.மீ. மற்ற எதற்கும் முன்னால் வில்கள் மாற்றப்பட்டன.

அடுத்து சுட்டுப் பார்த்தது. மணிக்கட்டுகளுக்கு அடியில் மணல் பை. குழல் எதன்மேலும் படவில்லை. குழலைப் பை மேல் சாய்த்தால் குண்டு விழும் இடம் மாறும். பிடியின் அடிப்பகுதியைக் கெட்டியான மேசையில் ஊன்றினாலும் மாறும். சிலிண்டரின் ஆறு அறைகளுக்கும் ஃபெல்ட் பேனாவால் எண் எழுதி, எந்த அறையின் குண்டு எங்கே விழுந்தது என்று தனித்தனியாகக் குறிக்கப்பட்டது. நான்காம் அறையின் குண்டு ஒவ்வொரு சுற்றிலும் மற்றவற்றிலிருந்து 40 மி.மீ. வலப்புறம் தள்ளியே விழுந்தது. அந்த அறையின் முன்வாய் மற்ற ஐந்தைவிடக் குறுகல் என்பது பின்னர் அளந்தபோது தெரிந்தது. சைட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைத் திருத்தாது. ஆறு குண்டுகளின் சராசரியை மையமாக எடுத்திருந்தால், இல்லாத ஒரு பக்கவாட்டுப் பிழைக்காக ரியர் சைட் திருகப்பட்டிருக்கும்.

தோட்டா விஷயத்திலும் ஒரு குழப்பம். அவர் இரண்டு வகை சுட்டுவந்தார்: 158 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) ஈயக்குண்டு கொண்ட மெதுவான .38 ஸ்பெஷல், 125 கிரெய்ன் உறைக்குண்டு கொண்ட வேகமான .357. சுடும்போது குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே பின்னுதைப்பால் குழல் மேலெழத் தொடங்கிவிடும். கனமான மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால், அது வெளியேறும்போது குழல் அதிகம் உயர்ந்திருக்கும். ஆகவே அது மேலே விழும். இலகுவான வேகக்குண்டு கீழே விழும். புதிய வில்களோடு, ரியர் சைட் அடிமட்டத்தில் இருக்கும்போது 158 கிரெய்ன் குண்டின் மையம் 75 மி.மீ. மேலே. 125 கிரெய்ன் குண்டின் மையம் அதற்கு 90 மி.மீ. கீழே. இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டு, ஒவ்வொரு முறையும் திருகைத் திருப்பியதில் எது சரியான இடம் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

கடைசியாகக் கண். கை நீட்டிப் பிடித்தால் அவர் கண்ணிலிருந்து ரியர் சைட் 600 மி.மீ., ஃப்ரண்ட் சைட் 810 மி.மீ. அவர் போட்டிருந்தது தூரப்பார்வைக் கண்ணாடி. அந்த வயதில் அதன் வழியே 810 மி.மீ.-ல் இருக்கும் பிளேடு கூர்மையாகத் தெரியாது. பிளேடைக் கறுப்பாக்கினாலும் மங்கலான கறுப்பாகத்தான் தெரியும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கண்ணாடியே முதல் முடிவு. கண் மருத்துவரிடம் ஃப்ரண்ட் சைட்டின் தூரத்தைச் சொல்லி, தூரப்பார்வை அளவுக்கு மேல் +0.75 டயாப்டர் கூட்டிய ஒரு கண்ணாடி வாங்கிவரச் சொல்லப்பட்டது. 810 மி.மீ.-க்கு முழுக் கூர்மை வேண்டுமானால் +1.25 வரை தேவைப்படும். ஆனால் அப்படிச் செய்தால் இலக்கின் கறுப்பு வட்டம் கரைந்துவிடும். பாதியளவு கூட்டினால் பிளேடு போதுமான அளவு துலங்கும், வட்டமும் வட்டமாகவே இருக்கும்.

இரண்டாவது, ஒரே தோட்டா. அவர் சுடுவதில் பெரும்பகுதி 158 கிரெய்ன் என்பதால் சைட் அதற்கே அமைப்பது என்று முடிவு.

மூன்றாவது, பிளேடின் உயரம். ஃப்ரண்ட் சைட் உயர்ந்தால் குண்டு இறங்கும். 75 மி.மீ. இறக்க 75 × 210 ÷ 25,000 = 0.63 மி.மீ. உயரம் கூட வேண்டும். அத்தோடு ரியர் இலை அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, அடியிலிருந்து 0.6 மி.மீ. மேலே நின்றால்தான் இருபுறமும் இடமிருக்கும். ஆகமொத்தம் 1.23 மி.மீ. இலையின் முழு ஓட்டம் 1.6 மி.மீ. என்று அளக்கப்பட்டது. என்றாவது 125 கிரெய்ன் சுட நினைத்தால் இலையை 0.76 மி.மீ. ஏற்ற வேண்டும். 0.6-ம் 0.76-ம் சேர்ந்து 1.36, ஓட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. பழைய பிளேடு ரேம்ப்புக்கு மேல் 6.0 மி.மீ. நின்றது. புதியதை 7.5 மி.மீ.-ல் பொருத்தி, சுட்டுப் பார்த்து அராவி இறக்குவது என்று திட்டம். இரும்பை எடுக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது.

நான்காவது, அகலம். இதில்தான் பலர் பிளேடை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது பிளேடின் அகலமல்ல, வெட்டுக்குள் அதன் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்று. பழைய பிளேடு 3.2 மி.மீ. அகலம். ரியர் சைட்டின் தளத்தில் அது 3.2 × 600 ÷ 810 = 2.37 மி.மீ. அளவாகத் தெரியும். பழைய வெட்டு 2.8 மி.மீ. அப்படியென்றால் பக்கத்துக்கு 0.2 மி.மீ. கீற்றுதான். மங்கிய கண்ணுக்கு அது மூடியே போய்விடும். பிளேடு நடுவில் நிற்கிறதா என்று தெரியாது. பிளேடை 2.5 மி.மீ. ஆக்கினால் கீற்று அகலும், ஆனால் பிளேடே மெலிந்து தொலைந்துபோகும். 3.2 மி.மீ. பிளேடு 25 மீட்டரில் சுமார் 99 மி.மீ. அகலத்தை மறைக்கிறது. அந்தத் தூரத்துக்கான பன்னாட்டு இலக்கின் கறுப்பு வட்டம் 200 மி.மீ. என்பதால், வட்டத்தின் அடியில் அதன் பாதி அகலத்தில் பிளேடு நிற்கும். வயதான கண்ணுக்கு ஏற்ற விகிதம். ஆகவே பிளேடு 3.2 மி.மீ. அகலத்திலேயே இருக்க, ரியர் இலையை 3.4 மி.மீ. சதுர வெட்டு கொண்டதாக மாற்றுவது. பக்கத்துக்கு 0.5 மி.மீ. கீற்று. வெள்ளைக் கோடு வேண்டாம் என்பதும் முடிவானது. அது கண்ணை ரியர் சைட்டுக்கு இழுக்கிறது. பார்வை நிற்க வேண்டிய இடம் ஃப்ரண்ட் சைட்.

பிளேடின் வடிவம் சதுரம். பழைய சரிவான முகம் மேலிருந்து விழும் ஒளியைக் கண்ணுக்கே திருப்பியது. பக்கவாட்டு வெயிலில் பிளேடின் ஒரு விளிம்பு பளபளத்து, கண் எஞ்சிய இருண்ட பகுதியையோ மினுக்கும் பகுதியையோ முழுப் பிளேடென்று எடுத்துக்கொள்ளும். எதை எடுக்கிறது என்பதைப் பொறுத்துக் குண்டு இடமோ வலமோ நகரும். புதிய பிளேடின் பின்முகம் செங்குத்திலிருந்து 5 பாகை உள்வாங்கி, குறுக்கே நுண்வரிகள் வெட்டியதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த முகம் தன் நிழலிலேயே நிற்கும்.

பொருத்திய முறை

ரியர் இலை மாற்றம் எளிது. பக்கவாட்டுத் திருகைக் கழற்றும்போது அதன் கிளிக் பந்தும் வில்லும் தெறிக்காமல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை வைத்துச் செய்யப்பட்டது. திருப்புளியின் நுனி திருகின் வெட்டை முழு நீளத்துக்கும் நிரப்ப வேண்டும். ஆப்பு வடிவ வீட்டுத் திருப்புளி வெட்டின் உதட்டைப் பிய்த்துவிடும். புதிய இலை போட்டதும் ரிவால்வரின் சுத்தியைப் பின்னுக்கு முழுதாக ஏற்றி, அது சைட் உடலில் எங்கும் தட்டவில்லை என்று பார்க்கப்பட்டது.

ஃப்ரண்ட் பிளேடுக்கு, குழலை மென்தாடை வைத்த வைஸில் பிடித்து, ரேம்ப்புக்கு எதிர்ப்பக்கம் துளையிட்ட பித்தளைக் கட்டையை முட்டுக்கொடுத்து, 1.5 மி.மீ. தட்டுக்கம்பியால் (பன்ச்) ஆணி தட்டி எடுக்கப்பட்டது. பள்ளத்தைச் செப்புத் தூரிகையால் துடைத்து எண்ணெய் போக்கப்பட்டது. புதிய பிளேடு பள்ளத்தில் விரல் அழுத்தத்தில் பாதியும், பித்தளைச் சுத்தியின் இரண்டு மெல்லிய தட்டில் மீதியும் இறங்கியது. ரேம்ப்பின் துளை வழியே துரப்பணத்தை விட்டு பிளேடில் துளை போட்டு, ஆணி அடிக்கப்பட்டது.

முதல் சுற்றுகள் நன்றாகவே இருந்தன. கணக்குப்படி மையம் 32 மி.மீ. கீழே விழ வேண்டும், 30 மி.மீ. கீழே விழுந்தது. ஐந்து அறைகளின் குழு உயரம், அதாவது மேல்குண்டுக்கும் கீழ்க்குண்டுக்கும் இடைவெளி, 85 மி.மீ.

அறுபது குண்டுகளுக்குப் பிறகு

இரண்டாவது நாள் குழு மேலும் கீழுமாக நீண்டது. பக்கவாட்டில் மாற்றமில்லை, உயரம் மட்டும் 120 மி.மீ. தோட்டாவும் சுடுபவரும் ரியர் வில்களும் அதே. சந்தேகம் பிளேடின்மேல் விழுந்தது. விரல் நகத்தால் அதன் பின்விளிம்பை மேல்நோக்கி நெம்பினால், கண்ணுக்குத் தெரியாத ஆனால் நகத்துக்குத் தெரியும் ஒரு அசைவு. 0.1 மி.மீ. தடிமன் காகிதக் கீற்று ஒன்று பிளேடின் அடியில் முன்பக்கமாக உள்ளே போனது. டயல் கேஜில் பின்விளிம்பு 0.3 மி.மீ. எழும்பியது. 35 மி.மீ. கூடுதல் நீட்சிக்கு அது கிட்டத்தட்ட அப்படியே கணக்கு.

ஆணியை எடுத்துப் பார்த்ததும் காரணம் புரிந்தது. பள்ளத்தின் பின்மூலையில் பழைய பிளேடு விட்டுப்போன ஒரு சிறு பிசிர். புதிய பிளேடு அதன்மேல் ஏறி, பள்ளத்தின் அடியைத் தொடாமலே நின்றிருந்தது. அந்த நிலையில் ரேம்ப் துளை வழியே துரப்பணம் போட்டதால், பிளேடின் துளை இருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்த இடத்தில் விழுந்தது. அதாவது ஆணி பிளேடைக் கீழே அழுத்துவதற்குப் பதில் தூக்கிப் பிடித்திருந்தது. பிசிர் சுடச்சுட நசுங்கியது. பிளேடு ஆணியை அச்சாக வைத்து முன்னும் பின்னும் ஆடியது. பிளேடின் துளை நீள்வட்டமாகியிருந்தது. ரேம்ப்பின் துளைக்குச் சேதமில்லை. அது கெட்டிருந்தால் வேலை வேறு அளவுக்குப் போயிருக்கும்.

நீள்வட்டமான துளையைப் பசை வைத்து நிரப்பலாமா என்ற யோசனை எழுந்து, கைவிடப்பட்டது. பசை நசுக்கும் விசையைத் தாங்கும், ஆணியைச் சுற்றி மீண்டும் மீண்டும் வரும் அதிர்வைத் தாங்காது. புதிய பிளேடு ஒன்று எடுக்கப்பட்டது.

மறுவேலை

மெல்லிய எண்ணெய்க்கல்லின் ஓரத்தால் பிசிர் நீக்கப்பட்டது. பிளேடின் அடியில் குறியீட்டு நீல மையை மெல்லத் தடவிப் பள்ளத்தில் இறக்கி எடுத்தபோது, முதல்முறை மை முன்முனையில் மட்டும் அப்பியது. பிளேடின் அடிமூலையை மயிரிழை அளவு தேய்த்து மூன்றாம் முறை பார்த்ததும் முழு நீளத்துக்கும் மை ஒட்டியது. அதற்குப் பிறகே துளை.

இம்முறை துளையின் இடம் மட்டும் ரேம்ப் வழியே புள்ளியிட்டுக் குறிக்கப்பட்டது. பிளேடை வெளியே எடுத்து, குறித்த புள்ளிக்கு 0.05 மி.மீ. மேலே மையம் வைத்து, மில் மேசையில் துளைக்கப்பட்டது. ஆணி ரேம்ப்பின் துளை வழியே உள்ளே போகும்போது உயர்ந்த துளையைத் தன் மட்டத்துக்கு இழுக்கிறது. பிளேடு பள்ளத்தின் அடியோடு அழுந்தி உட்காருகிறது. பள்ளத்தின் சுவரில் மட்டும் மெல்லிய படலமாகப் பூட்டுப்பசை, புதிய ஆணி, ஒரு நாள் உலரவிட்டது. காகிதக் கீற்று எந்தப் பக்கமும் நுழையவில்லை.

அராவும் வேலை அதன்பின். பிளேடின் இருபுறமும் மேல் மட்டத்துக்கு இணையாகப் பித்தளைத் துண்டுகளைக் கட்டி, அரம் சாயாதபடி செய்யப்பட்டது. ஐந்து இழுப்புக்கு ஒருமுறை காலிப்பர். கணக்குப்படி எடுக்க வேண்டியது 0.25 மி.மீ.; 0.2-ல் நிறுத்திச் சுட்டபோது மையத்துக்கு 8 மி.மீ. கீழே. மீதியை அராவாமல் ரியர் சைட்டின் கிளிக்குக்கு, அதாவது திருகின் சிறு படிகளுக்கு, விட்டது சரியான முடிவு. திருகை எப்போதும் இறக்கும் திசையில், வில்லுக்கு எதிராகத் திருப்பியே முடிப்பது என்று உரிமையாளருக்குச் சொல்லப்பட்டது. மேலேற்றும் திசையில் முடித்தால் இலை திருகோடு முழுதாக ஏறாமல் தங்கி, முதல் சில குண்டுகளில் அது ஏறும்.

அராவிய மேல்முகம் பளபளத்தது. குளிர் நீலக் கரைசல் பூசி, நீரில் அலசி, சூடாக்கி உலர்த்தி, எண்ணெய் விடப்பட்டது. கரைசல் எச்சம் இருந்தால் மறுநாளே துரு பிடிக்கும். மறுநாள் பஞ்சால் துடைத்துப் பார்த்தபோது பஞ்சு சுத்தமாக இருந்தது.

பலன்

மூன்று நாட்களில் ஆறு குழுக்கள் சுடப்பட்டன. நான்காம் அறையை விடுத்து, 25 மீட்டரில் குழு உயரம் 70 மி.மீ. அளவில் நின்றது, பட்டறைக்கு வந்த நாளில், தளர்ந்த வில்களோடு, அது 110 மி.மீ. இதில் எவ்வளவு பிளேடால், எவ்வளவு வில்லால், எவ்வளவு கண்ணாடியால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் வில் மாற்றிய உடனேயே, பழைய பிளேடும் பழைய கண்ணாடியும் இருக்கும்போதே, 110 என்பது 85 ஆகிவிட்டது என்பது குறிப்பேட்டில் இருக்கிறது. சைட் வேலையில் பாதிக்கு மேற்பட்ட முன்னேற்றத்தை ஒரு ஜோடி சிறு வில்கள் தந்தன.

சதுர பிளேடின் கூரிய பின்மூலை பழைய தோல் உறையின் உள்பக்கத்தைக் கீறியது. மூலையை மழுக்கினால் குறிபார்க்கும் விளிம்பே போய்விடும் என்பதால், உரிமையாளர் சுடுதளத்துக்கு எடுத்துச்செல்ல நுரை பதித்த பெட்டிக்கு மாறினார். நான்காம் அறையின் வாயை, துளையை அகலப்படுத்தும் ரீமர் விட்டு மற்றவற்றுக்குச் சமமாக்கும் வேலை தனியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்த முறை மாறுவது

துளையிடும் முன் மை வைத்துப் பார்ப்பது இனி விதிவிலக்கில்லாத படி. முதல் பொருத்தலில் அது விடுபட்டதற்குக் காரணம், பிளேடு இறங்கிய விதம் கைக்கு இதமாக இருந்ததுதான். பக்கச்சுவரின் இறுக்கத்தைக் கை உணரும், அடியிலுள்ள இடைவெளியை உணராது.

கண்ணாடி வந்து குறைந்தது இரண்டு வாரம் பழகிய பிறகே குண்டு விழும் இடத்தை அளப்பது நல்லது. இந்த வேலையில் கண்ணாடி பாதியில் வந்து சேர்ந்ததால், உயரக் கணக்கு பழைய கண்ணில் எடுக்கப்பட்டது. வித்தியாசம் கிளிக்குக்குள் அடங்கியது.

இறுதி அராவலுக்கு முன் இரண்டு வகை வெளிச்சத்திலும் சுட்டிருக்க வேண்டும். பட்டறை சுட்டது கூரை போட்ட தளத்தில். பின்னர் உரிமையாளர் திறந்த வெயிலில் சுட்டபோது மையம் 15 மி.மீ. நகர்ந்தது. அவருடைய குறிப்பேட்டில் இப்போது இரண்டு எண்கள் இருக்கின்றன: கூரைக்கடியில் அடிமட்டத்திலிருந்து எத்தனை கிளிக், வெயிலில் எத்தனை. பழைய பிளேடும் வெள்ளைக் கோட்டு இலையும் ஆணியும் ஒரு பையில், அளவுகள் எழுதிய சீட்டோடு, அவரிடமே இருக்கின்றன.